சேலஞ்சர்: செவிமடுக்கப்படாத எச்சரிக்கை

1986ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள், அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடாக் கடற்கரையிலிருந்து எழுந்த ‘சேலஞ்சர்’ விண்ணோடம் 73 விநாடிகளில் வானிலேயே சிதறிற்று. அதிற்சென்ற எழுவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை. விண்ணிலிருந்து பாடம் நடத்த இருந்த அவரைக் காண, பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தனர். உலகம் அதனை விபத்து என்றது. அது தற்செயலாய் நேர்ந்த விபத்துத்தானா என்பதை நாம் ஆராய்ந்து காணல் வேண்டும்.

விண்ணோடங்கள் 1981 முதல் பறந்தன. அடிக்கடி பறக்கும், செலவு குறையும் என்னும் வாக்குறுதியே அத்திட்டத்தின் அடித்தளம். 1985இல் ஒன்பது முறை பறந்த அவை, 1990க்குள் ஆண்டுக்கு 24 முறை பறக்க வேண்டுமென்று இலக்கு வகுக்கப்பட்டது. அரசியலாரின் ஆதரவும் மக்களின் ஆர்வமும் குன்றாதிருக்க, விருந்தினர்க்கும் இருக்கைகள் வழங்கப்பட்டன. 1985 ஏப்ரலில் செனட்டர் ஜேக் கார்னும், ஜூனில் சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மானும், 1986 ஜனவரியில் காங்கிரஸ் உறுப்பினர் பில் நெல்சனும் பறந்தனர். அரபு நாட்டவருள் விண்வெளி கண்ட முதல்வர் அவ்விளவரசரே. ஆசிரியர் ஒருவர் செல்வார் என அதிபர் ரீகன் 1984இல் அறிவித்தபோது, 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். இவ்வாறு, சோதனை நிலையிலிருந்த ஊர்தி பொதுமக்கள் கண்ணுக்குப் பயணிகள் ஊர்தியாய்த் தோன்றலாயிற்று.

அதன் பக்கத் துணை ராக்கெட்டுகள் பல துண்டுகளாய்ச் செய்து பொருத்தப்பட்டவை. பொருத்துகளின் வழியே தீ வெளியேறாமல் தடுப்பவை ரப்பர் வளையங்கள். குளிரில் ரப்பர் இறுகும். விரைந்து விரிந்து இடைவெளியை அடைக்காது. 1985 ஜனவரியில், சுமார் 12 பாகை வெப்பத்தில் ஏவப்பட்ட ஓடத்தில் வளையங்களைத் தாண்டிப் புகை கசிந்திருந்தது. ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஷோலி, உயிரிழப்பு நேரக்கூடுமென்று அவ்வாண்டு ஜூலையிலேயே எழுத்தில் எச்சரித்தார்.

ஏவுதலுக்கு முந்தைய இரவு நடைபெற்ற தொலைபேசி ஆலோசனையில், 12 பாகைக்குக் கீழ் ஏவலாகாது என்று அந்நிறுவனத்தார் முதலில் உரைத்தனர். நாசா அதிகாரிகள் அதனை வன்மையாய் மறுத்தனர். நிறுவன மேலாளர்கள் தனித்துக் கூடினர். தம் பொறியாளர்களின் கருத்தைப் புறந்தள்ளி இசைவளித்தனர். மறுநாள் ஏவும் வேளையில் வெப்பம் சுமார் 2 பாகை. அவ்விரவு தலைகீழாய்ப் போனது நியாயத்தின் முறையே. ‘பாதுகாப்பானது’ என்று மெய்ப்பிக்கும் கடமை ஏவுவோர்க்கு உரியது. ‘ஆபத்தானது’ என்று மெய்ப்பிக்கும் சுமையோ எச்சரித்தவர் தோளில் ஏற்றப்பட்டது. உயிரைப் பணயம் வைத்த எழுவர்க்கும் இவ்விவாதம் தெரிவிக்கப்படவேயில்லை.

விசாரணை ஆணையத்தில் அமர்ந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன், ரப்பர்த் துண்டொன்றை இறுக்கிப் பனிக்கட்டி நீரில் இட்டு, அது மீளும் தன்மை இழப்பதைப் பலரறியக் காட்டினார். பேரழிவு இலட்சம் பயணங்களில் ஒருமுறையே நேரும் என மேலாளரும், ஏறத்தாழ நூற்றில் ஒருமுறை நேரும் எனப் பொறியாளரும் கணித்திருந்ததை அவரே வெளிக்கொணர்ந்தார்.

மனிதரை அனுப்புவதே வேண்டாம், கருவிகள் போதும் என்றார் ஜேம்ஸ் வான் ஆலன் போன்ற அறிஞர். ஆபத்தின்றி எந்தப் புதுவழியும் திறந்ததில்லை என்றனர் மற்றோர். இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், ஆபத்தை ஏற்பது வேறு. ஆபத்தை மறைப்பது வேறு. பருவத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல், கடலோடிகளிடையே மரக்கலம் செலுத்தும் காலத்தையும் குறித்தது. இப்னு மாஜித் போன்ற மாலுமிகள், கலம் செலுத்தத் தகும் காலத்தையும் தகாக் காலத்தையும் நூலில் வகுத்துரைத்தனர். கடலுக்கு அஞ்சியோர் அல்லர் அவர்கள். புறப்படலாகாத நாளைப் புறப்படலாகாத நாள் என்றே கூறியவர்கள்.

விண்ணோடம் 1988 செப்டம்பரில் மீண்டும் பறந்தது. 2003 பிப்ரவரி முதல் நாள், ‘கொலம்பியா’ அழிந்தது; கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டனர். புறப்படும்போது கழன்ற நுரைக்கட்டி இறக்கையைத் தாக்கியிருந்தது. சேதத்தை அறியப் படம் எடுக்குமாறு பொறியாளர் வேண்டியதும் நிறைவேறவில்லை. பழைய பிழையே புதுவுருவில் மீண்டது. 2011இல் திட்டம் முடிவுற்றபோது பயணங்கள் 135; அழிந்த ஓடங்கள் இரண்டு. பொறியாளர் கணக்கே உண்மைக்கு அணித்தாயிருந்தது.

விண்ணிற் செல்வதா வேண்டாவா என்னும் விவாதம் இனியும் நீளும். எத்தரப்பு வெல்லினும், பிறர் உயிர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பது மாறாது. அவ்வுயிர்க்கு நேரக்கூடியதை உரியவரிடம் மறையாது உரைப்பதும், அறிந்தவன் ‘வேண்டாம்’ என்னும்போது செவிசாய்ப்பதும் பதவியில் இருப்போர்க்குக் கடமையாகும்.