உப்புக்காற்று பட்டாலே கெட்டுப்போகும் பேட்டரி பொடி! சோடியம் பேட்டரியில் 'அடுக்கு ஆக்சைடு' என்றால் என்ன?

பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒரு லிட்டர் கடல்நீரை அள்ளினால், அதில் 10 கிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். லித்தியமோ ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்குகூட தேறாது. லித்தியத்துக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் இந்தியா, சோடியம் பக்கம் திரும்பிப் பார்க்க இதுதான் காரணம்.

கடல்நீரை அப்படியே பேட்டரியில் ஊற்ற முடியாது. உப்பிலிருந்து சோடியம் கார்பனேட் தயாரித்து, அதை மாங்கனீஸ், இரும்பு, நிக்கல் ஆக்சைடுகளுடன் கலந்து, சுமார் 900 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் ஒரு கருநிறப் பொடி கிடைக்கும். அதுதான் கேத்தோடு, அதாவது பேட்டரியின் நேர்மின்முனை.

அடுக்குன்னா என்ன?

அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தளங்கள் எல்லாம் உலோக ஆக்சைடு. தளங்களுக்கு நடுவில் குடியிருப்பது சோடியம் அயனிகள். சார்ஜ் போட்டால் இவை வீட்டைக் காலி செய்துகொண்டு எதிர்முனைக்குப் போகும். வண்டி ஓடும்போது திரும்பி வரும்.

சிக்கல் எங்கே? சோடியம் அயனி லித்தியத்தைவிட பருமன். ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ராம், லித்தியத்துக்கு 0.76தான். நிறைய பேர் ஒரே நேரத்தில் காலி செய்தால் தளங்கள் நகர்ந்து, இடைவெளி மாறும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் பொடியில் விரிசல் விழும், பேட்டரியின் ஆயுள் குறையும்.

குடியிருப்பிலும் ரகம் உண்டு. பிரான்ஸின் கிளாட் டெல்மாஸ் குழு 1980-ல் வைத்த பெயர்கள்தான் இன்றும் புழக்கத்தில் உள்ளன: ஓ3, பி2. ஓ3-ல் சோடியம் நிறைய தங்கும். பி2-ல் வேகமாக ஓடும், ஆனால் ஆரம்பத்திலேயே மூன்றில் ஒரு பங்கு இடம் காலி. இரண்டையும் கலந்து செய்பவர்களும் உண்டு.

கடற்காற்று ஏன் எதிரி?

பட்டினப்பாக்கத்தில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது தெரிந்த கதை. இந்தப் பொடிக்கு உப்புகூட தேவையில்லை, ஈரக்காற்று போதும். ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் பட்டால் உள்ளிருக்கும் சோடியம் வெளியே வந்து, மேற்பரப்பில் ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் படியும். எந்த உப்பிலிருந்து வந்ததோ, கிட்டத்தட்ட அங்கேயே திரும்புகிறது! அதனால் தொழிற்சாலையில் ஈரம் நீக்கிய அறை கட்டாயம். மலிவான பொருளுக்கு இது மலிவில்லாத செலவு.

இந்தியா எங்கே நிற்கிறது?

அடுக்கு ஆக்சைடில் முன்னோடியான பிரிட்டனின் ஃபாரடியான் நிறுவனத்தை 10 கோடி பவுண்ட் மதிப்பில் வாங்குவதாக ரிலையன்ஸ் 2021 டிசம்பர் 31-ல் அறிவித்தது. நம்மூரில், 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் பேட்டரி ஆய்வுக்குப் பெயர்பெற்றது. சீனாவோ ஒரு படி மேலே போய், சோடியம் பேட்டரி கார்களையே சாலைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் 2022-ல் உச்சம் தொட்ட லித்தியம் விலை அதன்பின் சரிந்ததால், 'சோடியம்தான் சீப்' என்ற வாதம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பொட்டாசியம்?

அது இன்னும் பருமன், 1.38 ஆங்ஸ்ட்ராம். அடுக்குகளுக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதால் அதிகம் நிரப்ப முடியாது. ஒரு நல்ல குணம் மட்டும் உண்டு: சோடியம் எளிதில் நுழையாத கிராஃபைட்டுக்குள் பொட்டாசியம் போய்விடும். அதனால் ஆய்வகங்கள் அதை இன்னும் கைவிடவில்லை.