போ தேயிலைத் தோட்டங்கள்

போ, மலேசியாவின் பகாங் மாநிலத்தில் கேமரன் மலையில் 1929-இல் தொடங்கப்பட்ட தேயிலை நிறுவனம். நாட்டிலேயே மிகுதியாகத் தேயிலை விளைவிக்கும் இந்நிறுவனம் இன்றும் அதைத் தொடங்கிய ரஸ்ஸல் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது.

நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் இம்மேட்டுநிலத்தைக் கண்டு குறித்துவைத்தார். அதன் பிறகும் சுமார் 40 ஆண்டுகள் அது செமாய்ப் பழங்குடியினர் வாழ்ந்த அடர்காடாகவே இருந்தது. 1920-களில் அரசு இங்கே வேளாண் சோதனைப் பண்ணை வைத்துத் தேயிலையும் பயிரிட்டுப் பார்த்தது. நிறுவனர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்து வளர்ந்தவர். சீன மொழி சரளமாகப் பேசுவார். ஈயம், ரப்பர், பத்து ஆராங் என்னும் ஊரின் நிலக்கரி என்று பல தொழில்களில் பொருள் ஈட்டியிருந்தார். இலங்கையில் தேயிலைத் தோட்டம் நடத்திப் பழகிய ஏ.பி. மில்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, ஹாபு பகுதியில் முதல் தோட்டத்தைத் திறந்தார். உலகப் பெருமந்தத்தில் ரப்பர் விலை சரிந்துகிடந்த நேரத்தில் புதுப்பயிரில் பணம் போட்டது பெரும் துணிச்சல். தாப்பா நகரிலிருந்து மலையேறும் சாலையே அப்போதுதான் போடப்பட்டுக்கொண்டிருந்தது. சரிவுகளைத் திருத்தக் கோவேறு கழுதைகளும் ஒரே ஒரு நீராவி உருளையும்தான் இருந்தன. மற்றதெல்லாம் மனித உழைப்பு. ரஸ்ஸல் 1933-இல் காலமானார். தோட்டம் குடும்பத்திடமே நின்றது.

கன்று நட்டு, களையெடுத்து, கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பத்தினர். கங்காணியின் கண்காணிப்பில் வேலை, லயம் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருப்பு, தோட்டத்துக்குள்ளேயே கோயில் என்று அவர்கள் வாழ்க்கை அமைந்தது. ரஸ்ஸலை முன்னோடி என்று எழுதுவோர் இவர்களையும் அதே வரியில் எழுதுவதுதான் நேர்மை.

தேயிலைச் செடியை வளரவிட்டால் மரமாகிவிடும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறார்கள். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கையால் கிள்ளும் பழைய முறை குறைந்து, இப்போது பை கட்டிய கத்தரியும், இருவர் பிடித்து நடக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆலையில் கொழுந்தைப் பரப்பிக் காற்றோட்டத்தில் வாட்டுகிறார்கள். பிறகு உருளைகள் அதை முறுக்கிக் கசக்க, சாறு வெளிப்பட்டுக் காற்றுப் படுகிறது. பச்சை இலை சற்று நேரத்தில் செம்பு நிறமாகிறது. தேநீரின் நிறமும் மணமும் இங்கேதான் உண்டாகின்றன. இந்த நிலையில் எப்போது நிறுத்துவது என்பதில்தான் தேயிலைக்காரரின் திறமை இருக்கிறது. அதன் பின் வெப்பக்காற்றில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். நிறுவனத்தின் தயாரிப்புகளில் பாலாஸ் சுப்ரீம், கேமரோனியன் கோல்ட் பிளெண்ட் இரண்டும் பெயர்பெற்றவை. கேமரன் மலையின் குளிரில் மெல்ல வளர்ந்த கொழுந்தின் மணத்தைத் தாழ்நிலத் தேயிலையில் எதிர்பார்க்க முடியாது.

போ, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் ஆகிய மூன்று தோட்டங்கள் கேமரன் மலையிலும், புக்கிட் சீடிங் என்னும் நான்காவது தோட்டம் சிலாங்கூர் சமவெளியிலும் உள்ளன. இதே மலையில் 1933-இல் அகர்வால் குடும்பம் தொடங்கிய பாரத் தோட்டமும் குடும்ப உடைமையாகவே தொடர்கிறது.

தற்போது போ நிறுவனரின் பேத்தி கேரலைன் ரஸ்ஸல் தலைமையில், சுமார் 1,200 ஹெக்டேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் கிலோ தேயிலை விளைகிறது. தோட்ட வேலையில் இன்று வங்கதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.