வேண்டுமென்றே கொட்டிய குளிர்பானம்.. 50,000 டாலர் அபராதம்! நட்சத்திர வீரர் ஜேசன் கிட் பயிற்சியாளர் ஆனதும் திணறியது ஏன்?

ஆட்டம் முடிய 8.3 நொடிகள்தான் பாக்கி. எதிரணி ஃப்ரீ த்ரோ போட நிற்கிறது. கையில் ஒரு டைம் அவுட் கூட மிச்சமில்லை. இந்த நேரத்தில் பயிற்சியாளர் மீது அவர் அணி வீரரே மோத, கையிலிருந்த குளிர்பானம் மைதானத்தில் கொட்டுகிறது. தரையைத் துடைக்கிற இடைவெளியில் துணைப் பயிற்சியாளர் வீரர்களிடம் அடுத்த திட்டத்தைச் சொல்லி முடித்துவிடுகிறார்.

2013 நவம்பர் 27, அமெரிக்காவின் புரூக்ளின். என்பிஏ கூடைப்பந்து தொடரில் புரூக்ளின் நெட்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் மோதிய ஆட்டம் அது. மோதலுக்கு முன் கிட் 'என்னை இடி' என்று வீரரிடம் சொல்வதுபோல வீடியோவில் உதட்டசைவு தெரிந்தது. இவ்வளவு செய்தும் பால் பியர்ஸ் வீசிய பந்து உள்ளே போகலை. 99-94 என லேக்கர்ஸ் வென்றது. குளிர்பானத்தை வேண்டுமென்றே கொட்டியதாக கிட்டுக்கு என்பிஏ 50,000 டாலர் அபராதம் போட்டது.

யார் இந்த ஜேசன் கிட்?

சாதாரண ஆள் இல்லை. 19 சீசன் ஆடியவர், 10 முறை ஆல்-ஸ்டார். சக வீரர் கூடை போடும்படி பந்து கொடுப்பதை அசிஸ்ட் என்பார்கள். அதில் 12,091 எடுத்தவர். ஓய்வு பெறும்போது அந்தப் பட்டியலில் வரலாற்றிலேயே 2ஆம் இடம். நியூ ஜெர்சியில் இருந்த இதே நெட்ஸை 2002, 2003 என அடுத்தடுத்து இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர். 2011இல் டல்லாஸ் அணியோடு கோப்பையும் வென்றார்.

2013 ஜூன் 3 அன்று ஓய்வை அறிவித்தார். ஜூன் 12 அன்று நெட்ஸின் தலைமைப் பயிற்சியாளர். நடுவில் பத்து நாள் கூட இல்லை! துணைப் பயிற்சியாளராக ஒரு நாள் வேலை பார்த்த அனுபவமும் கிடையாது.

என்ன பிரச்னை?

அணி மலிவானதாக இருந்திருந்தால் பொறுமை காட்டியிருப்பார்கள். பியர்ஸ், கெவின் கார்னெட், டெரான் வில்லியம்ஸ், ஜோ ஜான்சன், புரூக் லோபஸ் என எல்லாமே பெரிய பெயர்கள். சம்பளம் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல். வரம்பு தாண்டியதற்கான லக்சரி டாக்ஸ் கிட்டத்தட்ட 9 கோடி டாலர் தனி. கோப்பை இப்பவே வேணும் என்பதுதான் கணக்கு.

குடித்துவிட்டு கார் ஓட்டிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு கிட் சஸ்பெண்ட். வில்லியம்ஸ், லோபஸ் இருவருக்கும் காயம். டிசம்பர் தொடக்கத்தில் இன்னொரு அதிர்ச்சி. தனக்குத் துணையாக கிட்டே விரும்பி அழைத்துவந்த லாரன்ஸ் ஃபிராங்கை பெஞ்சிலிருந்து நீக்கி, தினசரி அறிக்கை எழுதும் வேலைக்கு மாற்றினார். கிட் வீரராக இருந்தபோது அவருக்கே பயிற்சியாளராக இருந்தவர் இந்த ஃபிராங்க். அனுபவம் இல்லாதவர் அனுபவசாலியை ஒதுக்கியதால் விமர்சனம் கூடியது. ஆண்டு முடிவில் 10 வெற்றி, 21 தோல்வி. வேலை போகுமா என்பதே பேச்சானது.

ஆட்டம் தெரிந்தவர் ஏன் தடுமாறினார்?

இங்கேதான் விஷயம். கிட் பாயின்ட் கார்டு. பந்து கையில் இருக்க, எதிரில் யார் எங்கே நகர்கிறார் என்று பார்த்து அந்த நொடியில் முடிவெடுப்பவர். பயிற்சியாளர் கையில் பந்து இல்லை. டைம் அவுட்டை எப்போது செலவழிப்பது, யாரை எப்போது உட்காரவைப்பது, தற்காப்பில் யார் யாரை மறிப்பது என எல்லாம் முன்கூட்டியே யோசித்து, அடுத்தவருக்குப் புரியும்படி சொல்லவும் வேண்டும். தனக்குத் தானாகத் தெரிவதை இன்னொருவருக்குச் சொல்லித்தருவது தனித் தொழில். கடைசி நொடியில் டைம் அவுட் தீர்ந்துபோனதே அதற்கு சாட்சி. குளிர்பானம் கொட்டியது குறும்பு என்பதைவிட, கையிருப்பு காலியானதன் அடையாளம் என்றே சொல்லலாம்.

இது கிட்டுக்கு மட்டும் நடந்ததல்ல. 1994இல் லேக்கர்ஸின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்ற மேஜிக் ஜான்சன், 5 வெற்றி 11 தோல்வியோடு விலகினார். 2014-15 சீசனில் டெரெக் ஃபிஷரின் நியூயார்க் நிக்ஸ் 65 ஆட்டங்களில் தோற்றது.

திருப்பம் எங்கே?

டிசம்பர் 20 அன்று லோபஸுக்கு கால் எலும்பு முறிந்து, சீசனே முடிந்தது. உயரமான சென்டர் இல்லை என்றதும் கிட் அணியையே மாற்றி அடுக்கினார். கார்னெட் சென்டர், பியர்ஸ் அவருக்கு முன்னால், வில்லியம்ஸுடன் உயரமான கார்டு ஷான் லிவிங்ஸ்டன். ஏறக்குறைய ஒரே உயரம், நீளமான கைகள். அதனால் எதிரணி வீரர் யாரிடம் வந்தாலும் ஆள் மாற்றி மறிக்க முடிந்தது. வயதான வீரர்கள் விரட்டி ஓட வேண்டிய தேவையும் குறைந்தது.

புத்தாண்டுக்குப் பிறகு 34 வெற்றி, 17 தோல்வி. ஜனவரி, மார்ச் இரண்டு மாதங்களும் கிழக்கு மண்டலத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது கிட்டுக்குத்தான். சீசனில் மயாமி ஹீட்டை மோதிய நான்கு முறையும் வீழ்த்தினார்கள். பிளே-ஆஃபில் டொரன்டோவை ஏழாவது ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் (104-103) தாண்டினார்கள். ஆனால் அடுத்த சுற்றில் அதே ஹீட் 4-1 என வெளியே அனுப்பியது.

பிறகு என்ன ஆனது?

அந்தக் கோடையிலேயே கிட் நெட்ஸை விட்டுப் போனார். வீரர்கள் தேர்விலும் அதிகாரம் கேட்டு, அது கிடைக்காததால் கிளம்பியதாக அப்போது செய்திகள் வந்தன. அவரைக் கொடுத்ததற்கு மில்வாக்கி பக்ஸிடமிருந்து நெட்ஸுக்குக் கிடைத்தது இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் இரண்டு. டல்லாஸ் அணியின் பயிற்சியாளராக அவர் இறுதிப் போட்டிக்கு வந்தது 2024இல். அதில் பாஸ்டனிடம் 4-1 எனத் தோற்றார்.