பெயர் அறிந்து பூசுவோம்

தோல் நோய்களுக்குத் தமிழிலே பெயர்ப் பஞ்சமில்லை. கரப்பான், படை, சிரங்கு, தேமல் என முன்னோர் பிரித்தே வழங்கினர். அப்பிரிவின் பெறுமதியை எனக்கு உணர்த்தியவர் மன்னார்த்தீவின் தாழ்வுபாட்டு மீனவர் ஒருவர். என் மாணவனின் தந்தை.

உப்பு நீரில் நனைந்த சாரத்தோடு தொழில் செய்பவருக்கு இடுப்பிலே படை. வீட்டிலே சின்ன மகளின் கரப்பானுக்கு வைத்தியர் கொடுத்த கிறீம் இருந்தது. எடுத்துப் பூசினார். “மாஸ்ரர், மூண்டு நாளிலை கடி நிண்டிட்டுது” என்றார். மாதம் ஒன்று கழியமுன் படை வயிறு, தொடையெங்கும் பரவிற்று.

அந்தக் கிறீமுக்கு ஒரு வரலாறு உண்டு. 1948 செப்ரெம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிய பெண்ணொருவருக்குப் பிலிப் ஹென்ச் குழுவினர் கோட்டிசோன் ஏற்றினர். சில நாட்களில் அவர் நடந்தார். 1950இல் ஹென்ச், கென்டல், றைக்ஸ்ரைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆயின் கோட்டிசோனைத் தோலிற் பூசியபோது பயனில்லை. அதனை ஹைட்றோகோட்டிசோனாக மாற்றும் வேலை பெரும்பாலும் ஈரலிலே நடப்பது. 1952இல் சல்ஸ்பேர்கரும் விற்றனும் ஹைட்றோகோட்டிசோனையே நேராகப் பூசி வெற்றி கண்டனர். வலிமை மிக்க ஸ்ரெரோயிட்டுகள் பின்னர் வந்தன. பூசிய இடத்தில் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் வெளிறுவதைக் கொண்டே அவற்றின் வலிமையை அளக்கும் முறையை 1962இல் மக்கென்சியும் ஸ்ரௌட்டனும் வெளியிட்டனர். அந்த வெளுப்பையே அழகென நம்பி முகத்திற் பூசித் தோல் மெலிந்தவர் பலர்.

கரப்பான் அழற்சியால் வருவது. ஸ்ரெரோயிட் அதனைத் தணிக்கும். படையோ பூஞ்சணத்தால் வருவது. ஸ்ரெரோயிட் கடியையும் சிவப்பையும் மறைக்கும். உடலின் எதிர்ப்பைத் தளர்த்திப் பூஞ்சணத்தை வளரவிடும்.

ஆஸ்பத்திரியில் உண்மை அறிந்த தந்தை, கோபத்திலே கிறீமைக் குப்பையில் எறிந்துவிட்டார். அவருடைய படை பூஞ்சண மருந்தால் மெல்ல ஆறிற்று. மகளோ கரப்பான் மீண்டும் சிவந்து, இரவெல்லாம் சொறிந்து அழுதாள். அதே மருந்தை வைத்தியர் திரும்பவும் எழுதிக் கொடுத்த பின்னரே பிள்ளை நித்திரை கொண்டாள். மருந்திலே குற்றமில்லை, பெயர் மாறியதே குற்றம்.

அந்தக் கிறீமோடு வந்த தாளை மாணவன் என்னிடம் கொண்டுவந்தான். முழுவதும் ஆங்கிலம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களும் ஆக்கினார். அந்த மண்ணுக்கு அண்மையிலே வாழும் ஒரு மீனவர், ‘படைக்குப் பூசற்க’ என்ற இரு சொல்லைத் தமிழிலே காணவில்லை. அன்று அவ்விரு சொல்லையும் பெட்டியின்மேல் நானே எழுதிக் கொடுத்தேன்.