ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களில் பறவைகள்

ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களில் பறவையையும் செடிகொடியையும் சேர்த்துக் காட்டும் வகை ‘காச்சோ’ எனப்படும். சீனத்தில் சோங் மரபினர் ஆட்சியில் தனித்துறையாக வளர்ந்த மலர்–பறவை ஓவியமே இதற்கு மூலம். ஜப்பானில் இது நெடுங்காலம் மாளிகைகளின் மடிப்புத் திரைகளிலும் கோயில்களின் நகர்கதவுகளிலும் இடம்பெற்றிருந்தது. எடோ நகரத்துப் (இன்றைய டோக்கியோ) பதிப்பாளர்கள் இதைக் கடைத்தெருவில் விற்கும் தாளுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அதிகம் விற்றவை கபுகி நடிகர்கள், அழகிகள் ஆகியோரின் படங்கள்தான். ஆனால் செதுக்குவோரின் உளியும் அச்சிடுவோரின் கையும் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க வேண்டுமானால் பறவைப் படங்களிடம்தான் வர வேண்டும்.

பல வண்ண அச்சு 1765ஆம் ஆண்டளவில் எடோவில் நிலைபெற்றது. ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுருவை வரைந்து கொடுப்பார். செதுக்குநர் அதைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் முகம் கவிழ ஒட்டி, கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி மற்ற இடங்களைக் கல்லி எடுப்பார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிப் பலகை உண்டு. பலகையின் ஓரத்தில் வெட்டிய அடையாளத்தில் தாளைப் பொருத்தி வைத்தால்தான் ஒரு வண்ணம் மற்றொன்றின் மேல் விலகாமல் விழும். மை தடவிய பலகைமேல் ஈரத்தாளை வைத்து, மூங்கில் மடல் சுற்றிய ‘பரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் அழுத்துவார்கள்.

வெள்ளைக் கொக்குக்கு என்ன செய்வது? வெள்ளை மையைத் தேடவில்லை. இறகின் நரம்புகளைப் பலகையில் வெட்டி, மையே தடவாமல் தாளை அதன்மேல் வைத்து அழுந்தத் தேய்த்தார்கள். காகித முசுக்கட்டை நாரில் செய்த தடித்த தாள் இந்த அழுத்தத்தைத் தாங்கும். நேராகப் பார்த்தால் வெறும் வெண்மைதான். தாளைச் சற்றுச் சாய்த்துப் பக்க வெளிச்சத்தில் பார்த்தால் ஒவ்வொரு இறகும் புடைத்துத் தெரியும். ‘கராசுரி’ என்னும் இந்த மையில்லா அச்சு காட்டுவது ஓவியரின் திறமையை விட அச்சிடுபவரின் திறமையை.

இதன் உச்சங்களில் ஒன்று, கிட்டாகாவா உட்டமாரோ வரைந்து, சுத்தாயா ஜூசாபுரோ 1790ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட பறவைத் தொகுதி. ஒவ்வொரு படத்திலும் இருவகைப் பறவைகள். கூடவே காதலைப் பற்றிய வேடிக்கைக் கவிதைகள். கரிய நீர்க்காகமும் வெண்கொக்கும் ஒன்றாக நிற்கும் படத்தில், மையின் அடர்த்தியையும் வெறுந்தாளையும் அருகருகே வைத்தே உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

ஹொகுசாய் 1830களில் பூவும் பறவையுமாகச் சில தொகுதிகள் செய்தார். எண்ணிக்கையில் அவரை மிஞ்சியவர் ஹிரோஷிகே (1797–1858). கவிதை எழுதும் நீண்ட குறுகிய தாளின் வடிவில், மேலே பாடலும் கீழே பறவையுமாக அவர் வரைந்தார். அப்போது பரவலாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த பிரஷ்ய நீலம், வானையும் நீரையும் அடர்விலிருந்து மங்கலுக்குக் கரையவிட உதவியது. அவருடைய பறவைகளில் மறக்க முடியாதது, ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ வரிசையில் 1857இல் வந்த கழுகு. படத்தின் மேற்பகுதியை அதன் விரிந்த சிறகுகள் நிரப்ப, கீழே பனி மூடிய ஜூமான்ட்சுபோ சமவெளியும் தொலைவில் சுக்குபா மலையும் கிடக்கின்றன. நீரில் ஒரு மரத்தொட்டி மிதக்கிறது. பார்ப்பவர் கழுகின் உயரத்திலேயே நிறுத்தப்படுகிறார்.

எந்தப் பறவை எதோடு வரும் என்பதைக் கவிதை மரபு வகுத்திருந்தது: ஊமே மரப் பூவோடு உகுயிசு, மூங்கிலோடு சிட்டு, இலையுதிர்கால நிலவோடு காட்டு வாத்து. நீண்ட ஆயுளின் சின்னமாகச் சாரசப் பறவையைப் பைன் மரத்தோடு இணைப்பது இன்னொன்று. உண்மையில் ஜப்பானியச் சாரசம் மரத்தில் அமர்வதில்லை. அதன் குட்டையான பின்விரலுக்குக் கிளையைப் பற்றும் வலு கிடையாது. மரபு இயற்கையை விட வலுவாக இருந்த இடம் இது. ஆனால் அலகையும் காலையும் இறகடுக்கையும் வரைந்த விதத்தில் கூர்ந்து பார்த்த கண் தெரிகிறது.

மெய்ஜி காலத்தில் கியோட்டோ ஓவியர்கள் இத்துறையை நூல்வடிவில் வளர்த்தார்கள். கோனோ பைரெயின் நூறு பறவைகள் 1881இலும், இமாவோ கெய்னெனின் பருவவாரியான நான்கு தொகுதிகள் 1890களின் தொடக்கத்திலும் வந்தன.

கனாசவாவில் பிறந்த ஒஹாரா கோசொன் (1877–1945) வாழ்நாளின் பெரும்பகுதியைப் பறவைகளுக்கே கொடுத்தார். 1926 முதல் வத்தனபே ஷோசாபுரோவின் பதிப்பகத்துக்காக ‘ஷோசொன்’ என்ற பெயரில் வரைந்தார். பனிக்கிளையில் காகம், மழையில் கொக்கு என்று அவர் படங்களில் பின்னணி குறைவு. கறுப்பு வெளிக்கோட்டைத் தணித்து, நீர்வண்ணத்தில் தீட்டியது போலவே அச்சிட்டார்கள். பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்றதால் அவர் புகழ் முதலில் வெளிநாட்டில்தான் வளர்ந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய அச்சுகள் உள்ளன.

ஒரே பலகையிலிருந்து எடுத்த படிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மறுபதிப்புகளில் பலகை தேய்ந்து கோடு தடித்திருக்கும். செலவைக் குறைக்க மையில்லா அச்சும் வண்ணக் கரைவும் கைவிடப்பட்டிருக்கும். ஆகவே ஒரு பறவைப் படியை மதிப்பிடுவோர் வெண்ணிற இறகுகளில் புடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.