சுர்சியும் நன்னடத்தைப் பிணையும்: புதுவையில் மறுகைதின் சட்ட விளைவு

பிரெஞ்சுக் காலத்துச் ‘சுர்சி’ (தண்டனை நிறைவேற்றத்தை நிறுத்திவைத்தல்) தான் 1963க்குப் பின் நன்னடத்தை விடுதலையாகத் தொடர்ந்தது என்றொரு வாசிப்பு புதுவைச் சட்ட வரலாற்றில் நெடுநாளாக வழங்கிவருகிறது. முதன்முறைக் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் வைப்பதே இரண்டின் நோக்கமும். ஆகவே கெடுவுக்குள் மீண்டும் கைதானவன் இரண்டிலும் பழைய தண்டனைக்கே திரும்புகிறான் என்று அவ்வாசிப்பு முடிக்கிறது. நோக்கம் ஒன்று என்பதை ஏற்கலாம். முடிவை ஏற்க இயலாது.

செனட்டர் பெரான்ழேயின் பெயரால் அறியப்படும் 1891 மார்ச் 26 சட்டப்படி, தண்டனையின் அளவு தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டுவிடும். நிறைவேற்றம் மட்டுமே நிற்கும். ஐந்தாண்டுக்குள் புதிய வழக்கு ஒன்று சிறைத்தண்டனையிலோ அதைவிடக் கடிய தண்டனையிலோ முடிந்தால், முதல் தண்டனையை முதலில் அனுபவிக்க வேண்டும்; இரண்டையும் ஒன்றாக்கிக் கழிக்க முடியாது. தீர்ப்பு சொன்னதும் நீதிபதி குற்றவாளிக்குத் தர வேண்டிய எச்சரிக்கையை மூன்றாம் பிரிவு வகுக்கிறது. அதுவும் புதிய தண்டனைத் தீர்ப்பைப் பற்றியே பேசுகிறது. கைது அதில் இடம்பெறவில்லை. கைதாகிப் பின் விடுதலையானவனின் சுர்சி குலையாது. தண்டனை பெற்றுவிட்டாலோ இரண்டாம் நீதிபதி இரக்கம் காட்டவும் வழியில்லை.

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. நான்காம் பிரிவில் தண்டனையே விதிக்கப்படுவதில்லை. மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்துக்குள் அழைக்கும்போது வந்து தண்டனை ஏற்பேன், அதுவரை அமைதி காத்து நன்னடத்தையோடு இருப்பேன் என்று குற்றவாளி பிணைமுறி எழுதித் தருகிறார். அதை மீறினால் என்ன ஆகும் என்பதை ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. அங்குள்ள ஒரு பாடவேறுபாட்டை முன்னைய வாசிப்பு கவனிக்கவில்லை.

1898ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 563ஆம் பிரிவில், நிபந்தனை மீறப்பட்டது என்று நீதிமன்றம் ‘திருப்தி’ அடைந்தால்தான் பிடியாணை பிறக்கும். 1958ஆம் ஆண்டின் ஒன்பதாம் பிரிவோ பிடியாணைக்கும் அழைப்பாணைக்கும் ‘நம்பக் காரணம்’ இருந்தாலே போதும் என்கிறது. அக்காரணம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையிலிருந்தும் வரலாம், வேறு வழியிலும் வரலாம். ‘திருப்தி’ விசாரணைக்குப் பிந்தைய கட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. 1973ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 360ஆம் பிரிவு மீண்டும் 1898இன் பழைய அமைப்பையே வைத்துக்கொண்டது. ஆகவே இதை எழுத்தரின் கைத்தவறாகக் கொள்ள முடியாது. 1958இல் தெரிந்தே செய்த மாற்றம் என்றே கொள்கிறேன்.

இதன் விளைவு பெரிது. லாஸ்பேட்டைக் காவல் நிலையத்தில் பதிவாகும் ஒரு புதிய கைது, பிணைமுறி வாங்கிய நீதிமன்றத்துக்கு ‘நம்பக் காரணம்’ ஆகலாம். தண்டிப்பதற்கு அது தன்னளவில் போதாது. கைது என்பது குற்றச்சாட்டின் தொடக்கமே. ஆனால் புதிய வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டும் என்று ஒன்பதாம் பிரிவு எங்கும் சொல்லவில்லை. மீறல் மெய்ப்பட்டாலும் பழைய குற்றத்துக்குத் தண்டித்தே ஆக வேண்டும் என்பதில்லை. முதல் மீறலானால் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத தொகையைக் கட்டச் சொல்லிப் பிணைமுறியைத் தொடரவிடலாம். சுர்சியில் ஆபத்து பிந்தி வருகிறது, வந்தால் தப்பிக்க முடியாது. நன்னடத்தைப் பிணையில் ஆபத்து முந்தி வருகிறது, ஆனால் நீதிபதியின் கையில் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றின் தொடர்ச்சி என்பது பொருந்தாது.

கண்காணிப்பும் பிரெஞ்சுக் கொடை அன்று. கண்காணிப்புடன் கூடிய சுர்சி பிரான்சிலேயே 1959 மார்ச் 2 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. புதுவையின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே கைமாறிவிட்டது. நன்னடத்தை அலுவலருக்கு மூதாதை தேடுவோர், 1937ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாக வந்த சென்னை மாகாண நன்னடத்தைச் சட்டத்தின் பக்கம் திரும்புவதே முறை.

சான்று மெலிந்த இடம் மாறுதல் காலம். 1960இல் புதுவை நீதிமன்றம் சுர்சி வழங்கிய ஒருவர் 1964இல் லாஸ்பேட்டையில் கைதாகித் தண்டனையும் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் குற்றச் சட்டங்கள் 1963 அக்டோபர் 1 முதல் புதுவைக்கு நீண்டுவிட்டன. முதல் தண்டனை உயிரோடு இருக்கிறதா? அவற்றை நீட்டிய 1963ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கும்போதே, அதன்கீழ் நேர்ந்த பொறுப்புகளையும் தண்டனைகளையும் காக்கிறது. 1960இலேயே அளவிடப்பட்ட தண்டனை ‘நேர்ந்த தண்டனை’யே என்பது என் வாதம். நிபந்தனை நிறைவேறுமுன் அது பொறுப்பாகவில்லை என்ற மறுவாதமும் வலுவுடையதுதான். தீர்ந்த வினாவாக இதைக் காட்ட மாட்டேன்.

இரண்டு ஆண்டுகளைக் கையாள்வதிலும் எச்சரிக்கை தேவை. 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, 1877 ஜனவரி 8 சட்டத்தின்வழிப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத் தொகுப்பைப் பெற்ற குடியேற்றங்களுக்கே நேரடியாகப் பொருந்துகிறது; மற்றவற்றுக்குத் தனி ஆணை வேண்டும். புதுவை அத்தொகுப்பைப் பெற்றது 1877 மார்ச் 6 ஆணையால். ஆகவே புதுவையில் சுர்சிக்கு 1891 ஒரு தொடக்க எல்லை மட்டுமே. அதேபோல் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஓரிடத்தில் நடைமுறைக்கு வர அறிவிக்கை வேண்டும். அதுவரை 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய 562ஆம் பிரிவே ஆளும் என்பது 19ஆம் பிரிவால் பெறப்படுகிறது. அறிவிக்கை நாளை 1963 அக்டோபர் 1 என்று தானாகக் கொண்டால், இடைப்பட்ட காலத்தில் பிணைமுறி எழுதியவரைத் தவறான பிரிவின்கீழ் நிறுத்திவிடுவோம். 563இன் கீழ் பிடியாணைக்கே ‘திருப்தி’ வேண்டும். ஒன்பதாம் பிரிவின் கீழ் வேண்டாம்.