அரளி

அரளி ஆற்றுப்படுகையிலும் வறண்ட ஓடைக்கரையிலும் தானே முளைத்து வளரும் புதர்ச்செடி. அழகுக்காக வீட்டு முற்றங்களிலும் நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளிலும் வளர்க்கப்படுகிறது. அலரி, கணவீரம், கரவீரம் என்பன இதன் பிற பெயர்கள். தாவரவியலில் நீரியம் ஒலியாண்டர். இலை, பூ, பட்டை, வேர் அனைத்திலும் ஒலியாண்டிரின் முதலான நஞ்சுகள் உள்ளன. இவை இதயத் துடிப்பைக் குலைப்பவை. ஆடுமாடுகள் இதை மேய்வதில்லை என்பதே வேலிக்கும் சாலையோரத்துக்கும் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். மஞ்சள் அரளி அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்த வேறொரு செடி. அதுவும் கொடிய நஞ்சே.

அரளியின் தாயகம் எதுவெனத் துணிந்து சொல்வதற்கில்லை. நடுநிலக்கடல் நாடுகள் முதல் கிழக்காசியா வரை நெடுங்காலமாக வளர்க்கப்பட்டதால் காட்டுச்செடி எது, நட்ட செடி எது என்று பிரித்தறிவது கடினமாகிவிட்டது. 'கணவீரம்' வடமொழிக் 'கரவீர'த்தின் திரிபு என்பார் உண்டு, மறுப்பாரும் உண்டு.

திருமுருகாற்றுப்படையில் முருகனுக்கு வெறியாட்டு எடுக்கும் களத்தில் கணவீர மாலை தொங்குகிறது. மணிமேகலையில் தெருவில் திரியும் பித்தன் அதை அணிந்திருக்கிறான். வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தில் கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லப்படும் சாருதத்தன் கழுத்திலும் இதே பூமாலைதான். திருவாரூர் அருகே சம்பந்தர் பாடிய திருக்கரவீரத்தில் செவ்வரளியே தலமரம். ஊருக்கும் அதன் பெயரே.

இதற்கு அடுத்த பல நூற்றாண்டுகளில் கோயில் நந்தவனங்களில் அரளி இருந்தது என்பதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. விரிவான பதிவு கேரளத்தில் கிடைக்கிறது. கொச்சியில் டச்சு ஆட்சித் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் ஒன்பதாம் தொகுதியில் செவ்வரளி 'சோவன்ன அரளி' என்றும் வெள்ளரளி 'பெலுத்த அரளி' என்றும் இடம்பெறுகின்றன. மலையாளத்துச் 'சுவன்ன', 'வெளுத்த' என்னும் சொற்கள் டச்சுக்காரர் காதில் விழுந்த விதம் அது. செடிகளை அடையாளம் காட்டியவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் வைத்தியர். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் உதவினர். படங்களில் பெயர்கள் உரோம எழுத்தோடு மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டன. இந்நூலைக் கே. எஸ். மணிலால் ஆங்கிலத்தில் பெயர்க்க, திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இன்றைய பெயரைச் சூட்டினார். மணமுள்ள இந்திய வகையை மில்லர் 1768-இல் தனி இனமாகப் பிரித்தார். இப்போது இரண்டையும் ஒன்றாகவே கொள்வர்.

கணுவுக்கு மூன்றாக அமைந்த தடித்த இலைகளின் அடிப்பக்கத்தில் மயிர் மூடிய நுண்குழிகள் உள்ளன. இலைத்துளைகள் அவற்றுக்குள் ஒளிந்திருப்பதால் கோடையில் ஈரம் காக்கப்படுகிறது. இந்த இலையையே தின்று வளரும் புழு ஒன்றும் உண்டு. அதன் கூட்டுப்புழு இலைக்கடியில் வெள்ளி முலாம் பூசியதுபோல் மின்னும். அதிலிருந்து வரும் கரும்பழுப்பு வண்ணத்துப்பூச்சிக்கு மலையாளத்தில் அரளிசலபம் என்றே பெயர்.

பூவுக்காக அரளி பயிரிடப்படும் இடங்களில் சேலம் பனமரத்துப்பட்டி பெயர்பெற்றது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த தோவாளையின் பூச்சந்தையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு இன்றும் பூ செல்கிறது.

2024 ஏப்ரல் இறுதியில் ஆலப்புழை மாவட்டத்து இளம்பெண் ஒருவர் அரளியை மென்றதால் இறந்ததாகக் கருதப்பட்டது. அடுத்த மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை விலக்கியது. துளசி, தெச்சி முதலியவற்றைப் பயன்படுத்தச் சொன்னது. மலபார் தேவஸ்வம் வாரியமும் அவ்வாறே செய்தது.

உலர்த்தினாலும் வேகவைத்தாலும் அரளியின் நஞ்சு போவதில்லை. தெரியாமல் மென்றவர் நலமாகத் தோன்றினாலும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.